தசமபாகம் கடனா, காணிக்கையா?



நம் நாவலூர்ப் பக்கத்து வீட்டுக் கூட்டங்களில் ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற தம்பி கேட்பார்: "பாஸ்டர், தசமபாகம் பி.எஃப்., வரி எல்லாம் பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள சம்பளத்துலயா, கைக்கு வர்ற சம்பளத்துலயா?" செம்மஞ்சேரியிலிருந்து அபார்ட்மென்ட் வேலைக்கு வருகிற சகோதரி கேட்பார்: "ஐயா, குழுக் கடன் கட்டினதுல இந்த மாசம் தசமபாகம் எடுக்க முடியல. வீட்டுக்குச் சாபம் வந்துடுமா?" ஒருவருக்குக் கணக்கு, இன்னொருவருக்குப் பயம். கிருபையின் காலத்தில் இருக்கிற நமக்குத் தசமபாகம் கட்டாயமா என்று தெரிந்தால்தான் இருவருக்கும் பதில் சொல்ல முடியும்.

வேதத்தைத் திறப்போம். ஆதியாகமம் 14-இல் ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார். "நியாயப்பிரமாணத்துக்கு முன்னாடியே இருந்ததே, அப்போ அது நமக்கும் கட்டாயம்தானே?" என்பார்கள் சிலர். விருத்தசேதனமும் நியாயப்பிரமாணத்துக்கு முன்னமே இருந்ததுதான். அதை நாம் யார்மேலும் சுமத்துகிறோமா? ஆபிரகாம் கொடுத்தது யுத்தத்தில் மீட்ட பொருளில். யாரும் அவரைக் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. மாதாமாதம் கொடுத்ததாகவும் சொல்லவில்லை.

பிறகு நியாயப்பிரமாணம் வந்தது. லேவி கோத்திரத்துக்கு நிலத்தில் பங்கு கிடையாது, ஆகவே தசமபாகம் அவர்களுக்குச் சுதந்தரமாயிற்று (எண். 18). உபாகமம் 14-ஐ நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் குடும்பமாய்க் கர்த்தருடைய சந்நிதியில் தங்கள் தசமபாகத்தைப் புசித்துச் சந்தோஷப்பட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அது ஊர் வாசலிலே வைக்கப்படும்; லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாய்ச் சாப்பிடுவார்கள். அங்கே விதவை வாங்குகிற இடத்தில் இருந்தாள். இன்று அவளைப் பயமுறுத்தி வாங்கினால், நியாயப்பிரமாணத்தையே தலைகீழாக்குகிறோம் அல்லவா?

மல்கியா 3:10 நமக்கு மனப்பாடம். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்? கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவர்களையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாய்க் கர்த்தர் தாமே சாட்சியாய் வருவதாக அங்கே எழுதியிருக்கிறது. ஐந்தைத் தாண்டிப் பத்துக்குப் போக முடியாது, பிரியமானவர்களே!

ஆண்டவர் ஒற்தலாம், வெந்தயம், சீரகத்தின் தசமபாகத்தைக்கூட விட்டுவிடச் சொல்லவில்லையே என்று கேட்கலாம் (மத். 23:23). உண்மைதான். ஆனால் அது சிலுவைக்கு முன்பு, நியாயப்பிரமாணத்தின் கீழிருந்த பரிசேயருக்குச் சொன்னது. நீதி, இரக்கம், விசுவாசம் அதைவிடக் கனமானவை என்றும் அங்கேயே சொன்னார். பின்பு புறஜாதியார் சபைக்குள் வந்தபோது, அவர்கள்மேல் எதைச் சுமத்துவது என்று அப்போஸ்தலர் எருசலேமில் கூடி ஆலோசித்தார்கள் (அப். 15). நான்கு காரியங்களை எழுதினார்கள். அந்த நான்கில் தசமபாகம் இல்லை. பவுலும் வரவுக்குத் தக்கதாக, விசனமின்றி, மனதில் நியமித்தபடி கொடுக்கவே போதித்தார்.

கொடுக்காதவனைச் சபைக்குப் புறம்பாக்கும் சட்டம் 585-ஆம் வருஷம் பிரான்சு தேசத்து மாக்கோன் நகரில் கூடிய சங்கத்தில் பிறந்தது. பிற்பாடு ஐரோப்பாவில் அது அரசாங்கச் சட்டமாகவே ஆயிற்று. வரியாக வாங்கினதைக் காணிக்கை என்று எப்படிச் சொல்வது? பயந்து கொடுப்பவன் தேவனுக்குக் கொடுக்கவில்லை, தன் பயத்துக்குக் கொடுக்கிறான்.

"பாஸ்டர், இப்படிப் பேசினா யாரும் கொடுக்கமாட்டாங்க. அப்புறம் உங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?" நியாயமான கேள்வி. நானும் சபையின் காணிக்கையில் சாப்பிடுகிறவன்தான். சுவிசேஷத்தை அறிவிக்கிறவனுக்கு அதனால் பிழைக்க உரிமை உண்டென்று 1 கொரிந்தியர் 9 சொல்கிறது. அதே அதிகாரத்தில் பவுல் அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். நமக்குப் பக்கத்திலேயே, இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் சம்பளமில்லாமல் விசுவாச வீடுகளில் பொதுவாக வாழ்கிறார்கள். கட்டாயமில்லாவிட்டால் ஜனங்கள் கொடுக்கமாட்டார்கள் என்பதும் சரியல்ல. மிசோரமில் 1910 முதல் தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். 1903-இல் அசரியா ஐயாவும் திருநெல்வேலிச் சபையாரும் நம் ஜனங்களின் பணத்தைக் கொண்டே மிஷனெரிச் சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அன்பு திறக்கிற கையைச் சட்டம் திறக்காது.

இப்போது அந்தச் சகோதரிக்கு: அம்மா, சாபம் வராது. கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டுவிட்டார் (கலா. 3:13). முதலில் கடனைக் கட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். மனவிருப்பம் இருந்தால் ஒரு பிடி அரிசியையும் கர்த்தர் அங்கீகரிப்பார். உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் சபையின் பெட்டி உங்களுக்காகத் திறக்க வேண்டும்.

தம்பிக்கு: விடுதலை என்றதும் குறைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவர் 1,200 கொடுத்தால் மீதி 10,800-இல் வாடகை, கேஸ், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் பார்க்க வேண்டும். 1,20,000 வாங்குகிறவர் 12,000 கொடுத்தாலும் 1,08,000 மீதி. பங்கு ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல. உங்களுக்குப் பத்து என்பது ஆரம்பப் படி, அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சகேயு பாதியைக் கொடுத்தான். பத்துப் போக மீதித் தொண்ணூறு என்னுடையது என்று எண்ணுகிறவன் நூறும் கர்த்தருடையது என்பதை மறந்தவன். இன்னொன்று: உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா காய்ச்சலில் இரண்டு நாள் வராததற்குச் சம்பளம் பிடித்துவிட்டு, அந்தப் பணத்தோடு காணிக்கைக் கவரை ஒட்டாதீர்கள்.

உடன் ஊழியருக்கும் ஒரு வார்த்தை. கொடுத்தவர் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டாம். கொடாதவர் வீட்டு வியாதிக்கு அதுதான் காரணம் என்று சொல்லவே வேண்டாம். வந்த பணத்துக்கும் செலவுக்கும் சபையாருக்குக் கணக்குக் காட்டுவோம். அதில் விதவைக்கும் திக்கற்றவருக்கும் எவ்வளவு போயிற்று என்று அவர்கள் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுவோம்.

உற்சாகமாய்க் கொடுக்கிற இருதயத்தைக் கர்த்தர் தாமே நம் யாவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.