துணைவர் விசாவும் திருமணத்தின் உண்மையும்

பிரிட்டிஷ் குடிமக்களில் ஒருவர் வெளிநாட்டவரை மணந்து பிரிட்டனில் சேர்ந்து வாழ விரும்பினால், அந்த உறவு உண்மையானது, நிலைத்திருப்பது என்று காட்ட வேண்டும். குடியேற்ற விதிகளின் நிபந்தனை அது. திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது. சேர்ந்து எடுத்த புகைப்படங்கள், தொலைபேசியில் பேசிய பதிவுகள், பயணச் சீட்டுகள், பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாம் விண்ணப்பத்தோடு போகின்றன. சட்டப்படி நடந்து முடிந்த திருமணம் உண்மையாவதற்கு இன்னும் என்ன குறைகிறது? அலுவலகக் கேள்வியாகத் தெரியும் இதன் அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒருவர் மனத்தில் உள்ளதை மற்றவர் எதைக் கொண்டு அறிவது?

அக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது, 1980களில் தொடங்கி 1997 ஜூன் வரை நடப்பிலிருந்த 'முதன்மை நோக்க விதி'யின் காலத்தில். பிரிட்டனுக்குள் வருவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டியிருந்தது. தம்பதி சேர்ந்து வாழப்போவது உறுதி என்று அதிகாரி நம்பினாலும், நோக்கத்தில் ஐயம் கொண்டு விசாவை மறுக்கலாம். பெரியோர் பேசி முடிக்கும் கல்யாணங்களை இது நேராகத் தாக்கியது. அங்கே பெண் எந்த ஊரில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எங்கே குடித்தனம் என்பவை ஒளிவு மறைவின்றிப் பேசப்படும். பிரிட்டனில் வாழ ஆசை என்று மாப்பிள்ளை நேர்மையாகச் சொன்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். கணவன் வீட்டுக்கு மனைவி போவதுதான் துணைக்கண்ட வழக்கம், இவர் ஏன் மனைவியின் நாட்டுக்கு வருகிறார் என்றும் கேட்கப்பட்டது. மட்டக்களப்புத் தமிழரிடையே பெண் வீட்டில் மாப்பிள்ளை குடியேறுவதே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்பது அத்தகைய கேள்விக்கு எட்டாத செய்தி.

ஒரு செயலுக்கு ஒரே நோக்கம் இருக்கும், பல நோக்கங்கள் இருந்தாலும் அவற்றைத் தராசில் வைத்துப் பெரியதைப் பிரித்தெடுக்கலாம் என்று அந்த விதி நம்பியது. அதன் அடிப்படைப் பிழை இதுதான். அன்பும் வசதியும் குடும்பக் கடமையும் எதிர்காலக் கணக்கும் கலந்தே திருமணங்கள் நடக்கின்றன. மணமக்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாததை ஒரு மணி நேர நேர்காணல் பிரித்துவிடாது.

கத்தோலிக்க இறையியல் இந்த முடிச்சை மிக முன்பே அவிழ்க்க முயன்றிருக்கிறது. திருமணத்தை ஆக்குவது இருவரின் சம்மதம். தகாத நோக்கத்தோடு ஒருவர் சம்மதம் அளித்தாலும் திருமணம் திருமணமே என்பது 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் கொண்ட நிலை. நோக்கம் கெட்டிருந்தால் அது பாவமாகலாம். திருமணம் இல்லாமல் போவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், வாயால் சொன்ன சம்மதம் மனத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறது என்றே முதலில் கொள்கிறது. மனத்துக்குள் திருமணத்தையே மறுத்திருந்தால் அது செல்லாது; ஆனால் அதை நிரூபிப்பது மறுப்பவரின் பொறுப்பு. முதன்மை நோக்க விதி அந்தப் பொறுப்பை அப்படியே தலைகீழாக்கியது.

அரசுக்கும் ஒரு நியாயம் உண்டு. திருமணம் செல்லுமா என்பதைவிட, நாட்டுக்குள் யாரை விடுவது என்பதே அதன் கவலை. பணத்துக்காகப் போலித் திருமணங்கள் நடக்கின்றன. சேர்ந்து வாழ்கிறார்களா என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. அது கண்ணால் காணத்தக்கது. ஏன் மணந்தார்கள் என்று தோண்டத் தொடங்கினால் எல்லை எங்கே என்று தெரியாது. 1979 ஜனவரியில், மணம் முடிக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இந்தியப் பெண்ணை, ஏற்கெனவே மணமானவராக இருக்கலாம் என்ற ஐயத்தில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சொல்லை நம்ப மறுத்து உடலில் உண்மையைத் தேடிய அந்தக் கொடுமை, செய்தி வெளியானதும் நிறுத்தப்பட்டது.

சேர்ந்து வாழும் உரிமை யாருடையது என்பது அடுத்த கேள்வி. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம், அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கந்தாலி ஆகிய மூன்று பெண்களின் வழக்கில் 1985 மே 28 அன்று தீர்ப்பளித்தது. தம்பதி எந்த நாட்டில் வாழ விரும்புகிறார்களோ அதை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற பொதுக் கடமை கிடையாது. ஆனால் கணவரை அழைப்பதை மனைவியை அழைப்பதைவிடக் கடினமாக்கியது பாலினப் பாகுபாடு என்றது. பிரிட்டன் ஏற்றத்தாழ்வை நீக்கிய விதம் வருந்தத்தக்கது: ஆண்களுக்கு இருந்த கெடுபிடியைப் பெண்களுக்கும் நீட்டியது. அரசியல் தத்துவ அறிஞர் ஜோசப் கேரன்ஸ் 2013இல் வெளியிட்ட நூலில் இதை வேறு முனையிலிருந்து அணுகுகிறார். வெளியே நிற்கும் துணைவரின் கோரிக்கையை விட, உள்ளே இருக்கும் குடிமகனின் உரிமையே இங்கு அடிப்படை என்பது அவர் வாதம். துணையைத் தடுக்கும் அரசு தன் குடிமகனிடம்தான், 'நாட்டை விடு, அல்லது இல்லறத்தை விடு' என்கிறது.

அந்த உரிமைக்கு 2012 ஜூலையில் ஒரு தொகை வைக்கப்பட்டது. அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. அந்த மாதத்துக் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 11.44 பவுண்டில் வாரம் 40 மணி நேரம் உழைப்பவருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 23,800. அந்த ஊதியத்தில் முழு நேரம் உழைத்தும், முதியோர் இல்லத்துப் பணியாளருக்கு மனைவியோடு வாழத் தகுதியில்லை. வங்கி அதிகாரிக்கு உண்டு. இருவருக்கும் குடியுரிமை ஒன்றே. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவர் அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அது பொதுவாகக் கணக்கில் சேராது. தொகை வைப்பது கொள்கையளவில் செல்லும், ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் கூறியது. அதன்பின், விதிவிலக்கான சூழலில் வேறு வருமான வழிகளையும் பார்க்க இடம் தரப்பட்டது. தொகை உயருமுன் இந்தப் பாதையில் நுழைந்தவர்கள், அதே துணைவரோடு இருக்கும்வரை, நிரந்தரக் குடியேற்றத்துக்கான ஐந்தாண்டுத் தகுதிக்காலத்தைப் பழைய தொகையிலேயே கடக்கலாம்.