உடல் பேணலில் அளவறிதல்

பிறவிகளுள் மானுடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது எமது முன்னோர் வழிவழியாக உணர்த்தி வந்த உண்மையாகும். அறஞ் செய்வதற்குக் கையும், ஆலயத்தை வலம் வருவதற்குக் காலும், துன்புற்றோருக்கு ஆறுதல் கூறுவதற்கு நாவும் இவ்வுடலோடு கூடியே எமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் இவ்வுடல் நிலையற்றது என்றும் அதே முன்னோரே கூறிச் சென்றனர். அழியப்போகும் ஒன்றை ஏன் பேணவேண்டும்? பேணுவதாயின் எவ்வளவு பேணவேண்டும்? இவ்விரு வினாக்களும் இன்று எமது கிராமத்து வீடுகளிலேயே எழுந்து நிற்கின்றன. ஒரே வீட்டில் தகப்பனார் நீரிழிவுக்குக் குளிசை எடுத்துக்கொண்டும் நூறு யார் தூரத்திலுள்ள கடைக்கு மோட்டார் சைக்கிளிற் செல்கின்றார். மகனோ உடற்பயிற்சி நிலையத்தில் இரவு பகலாகப் பாரந் தூக்குகின்றார். இருவருமே அளவைத் தவறவிட்டவர்கள்.

முதலாவது வினாவுக்குத் திருமூலர் திருமந்திரத்திலே விடை தந்துள்ளார். உடம்பை இழிவென்று முன்னர் எண்ணியிருந்ததையும், அதனுள்ளே இறைவன் உறைவதைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதையும் அவர் கூறுகின்றார். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உடம்பு கோயிலேயன்றி, கோயிலினுள்ளே வீற்றிருக்கும் மூர்த்தியன்று. கோயிலைக் கூட்டாமலும் மெழுகாமலும் பாழடைய விடுவது குற்றம். மதிலுக்கு வர்ணம் பூசுவதிலேயே பொழுதைக் கழித்துப் பூசையை மறந்துவிடுவதும் குற்றமே. உடலைப் புறக்கணிப்பவர் முதலாவது குற்றத்தையும், கண்ணாடி முன்னின்று உடலையே வழிபடுபவர் இரண்டாவது குற்றத்தையும் செய்கின்றனர்.

இரண்டாவது வினாவுக்கும் எமது நூல்களிலே வழிகாட்டல் உண்டு. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்ற கருத்தைப் பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகின்றது. திருக்குறளின் 95 ஆவது அதிகாரமாகிய ‘மருந்து’, மருந்தின் பெயர்களை அடுக்காமல் உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கருத்து. அளவு என்பது வெளியிலிருந்து வரும் கட்டளையன்று, தன் உடலைத் தானே கவனித்து அறிவதாகும் என்பது இதனாற் புலனாகும்.

எமது பாட்டன் பாட்டிமார் தேகாப்பியாசம் என்று தனியாக எதையும் செய்தாரில்லை. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தனர். உரலில் நெல்லுக் குற்றினர், ஆட்டுக்கல்லில் மா ஆட்டினர், சந்தைக்கும் திருவிழாவுக்கும் நடந்து சென்றனர். பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும், அரைக்கும் இயந்திரமும், மோட்டார் சைக்கிளும் வந்து அவ்வுழைப்பை எடுத்துக்கொண்டன. ஆயினும் பழைய உழைப்பு முழுவதும் நன்மையே தந்தது என்று கூறுதல் பொருந்தாது. வளைந்த முதுகும் தேய்ந்த முழங்காலும் அவ்வுழைப்பின் விளைவாகவும் இருந்தன. உழைப்பு நின்றபின்னும் உணவின் அளவு மாறாதிருப்பது எமது குறை. ஓய்வின்றி உழைத்தது அவர்களது குறை. அதனாலேதான் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. நாள் முழுவதும் மண்வெட்டி பிடிப்பவருக்கு வேண்டியது முதுகை நிமிர்த்தி ஆறும் ஓய்வு. கதிரையில் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவருக்கு வேண்டியதோ நடை.

இன்றைய மருத்துவம் இதற்குச் சில கணக்குகளைத் தருகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்கள் கிழமையொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடலசைவில் ஈடுபடுதல் நன்று. கடுமையான பயிற்சியாயின் 75 முதல் 150 நிமிடங்கள் போதும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி கிழமையில் இரண்டு நாட்களேனும் வேண்டும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், விழாமல் தம்மைக் காத்துக்கொள்வதற்கு, உடலின் சமநிலையைப் பேணும் பயிற்சிகளைக் கிழமையில் மூன்று நாட்களேனும் செய்யவேண்டும். தொடர்ந்து பத்து நிமிடமேனும் செய்தாற்றான் கணக்கில் சேரும் என்றிருந்த முன்னைய நிபந்தனையும் இப்போது இல்லை. சிறிது சிறிதாகச் செய்வதும் பயனுடையதே. மிதமான வேகம் எது என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடியவேண்டும், ஆனால் தேவாரம் பாட மூச்சு இடங்கொடுக்கக் கூடாது. அதுவே மிதமான நடை.

இக்கணக்கைப் பார்த்தால், நாளொன்றுக்கு அரை மணிநேரமாகக் கிழமையில் ஐந்து நாட்கள் நடப்பதே தொடக்கத்துக்குப் போதுமானது என்பது தெரியும். “எதுவும் அளவோடு இருக்கவேண்டும்” என்று கூறிக்கொண்டு ஒன்றுமே செய்யாதிருப்போர் எம்மிடையே பலர். அளவென்னும் நல்ல சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குதல் தகாது.

மறுபுறத்தையும் நோக்குவோம். பயிற்சி செய்யும் வேளையிலேயே தசை வளர்ந்துவிடுவதில்லை. பயிற்சியின்போது தசைநார்கள் சிறிதளவு சிதைவுறுகின்றன. பின்னர் உணவும் உறக்கமும் கிடைக்கும்போதே அவை திருத்தப்பட்டு முன்னையிலும் வலுப்பெறுகின்றன. ஓய்வின்றி மேலும் மேலும் வருத்தினால் களைப்பு நீங்காது, உறக்கம் கெடும், மூட்டுகளும் தசைநாண்களும் புண்படும். பழக்கமில்லாதவர் ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்தால் தசை பெருமளவில் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தையே பழுதாக்குவதும் உண்டு. விரைவாக உடல் பருக்கவேண்டுமென்று வைத்தியரின் ஆலோசனையின்றி ஊக்க மருந்துகளை ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள், இதயத்தையும் ஈரலையும் விலையாகக் கொடுத்துத் தோளை வாங்குகின்றனர்.

எமது தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். அவர்களைக் கண்டே நாம் மெய்சிலிர்க்கின்றோம். ஆனால் சில்லின் அருகே குனிந்து நின்று, வேண்டிய இடத்தில் கட்டை கொடுத்துத் தேரை நிறுத்துவோர் சிலரே. அவர்கள் இல்லாவிடில் அத்தனை பேருடைய வலிமையும் தேரை வேலியில் மோதவே பயன்படும். உடற்பயிற்சியில் முயற்சி வடமாகும், ஓய்வு கட்டையாகும். தேர் இருப்பிடம் வந்து சேர்வதற்கு இரண்டும் வேண்டும்.

அளவறிந்த முயற்சிக்கு எம்மவரிடையே சிறந்த எடுத்துக்காட்டு கதிர்காமப் பாதயாத்திரையாகும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியாகக் கதிர்காமஞ் செல்கின்றனர். ஒரு மாதத்துக்கும் மேலாக நடக்கும் இக்கூட்டத்திலே முதியவர்களையும் காணலாம். அதிகாலைக் குளிர்ச்சியில் நடந்து, வெயில் ஏறியதும் கோயில் மடத்திலோ மரநிழலிலோ தங்கி, சமைத்துண்டு, ஆறி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பது அவர்களது வழக்கம். முதல் நாளே ஓடித் தீர்க்க எண்ணுபவர் பாதிவழியில் கால் வீங்கி அமர்ந்துவிடுவர். கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்காக மற்றவர்கள் காத்திருக்கவும் வேண்டும். பெருந்தூரத்தைக் கடப்பது வேகத்தினாலன்று, நாள்தோறும் காக்கும் ஒழுங்கினாலேயே என்பதை அந்நடை கற்பிக்கின்றது.

இதுவரை கூறியவை உடலின் அளவு. இதனோடு அறத்தின் அளவொன்றும் உண்டு. ஒருவர் உடலைப் பேணுவதற்குச் செலவிடும் நேரம் யாருடைய நேரம் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். குடும்பத் தலைவர் காலையும் மாலையும் பயிற்சிக்குச் சென்றுவிட, பிள்ளைகளின் படிப்பும் நோயுற்ற பெற்றோரின் பராமரிப்பும் மனைவியின் தலையிலே விழுமாயின், அப்பயிற்சி அவருடைய உடலுக்கு நன்று, அறத்துக்கு நன்றன்று. அதேபோல, விடியற்புறம் அடுப்படியில் தொடங்கி இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை நிற்கும் தாய்மாருக்கு, “வீட்டு வேலையே உனக்குத் தேகாப்பியாசம்” என்று கூறிவிடுதல் எளிது. அவ்வேலை கையையும் முதுகையும் களைக்கச் செய்கின்றதேயன்றி, மூச்சு விரிய வீதியில் நடக்கும் நடையாகவோ, மனம் ஆறும் ஓய்வாகவோ அமைவதில்லை. மாலையில் அரை மணிநேரம் அவரை வீட்டுப் பொறுப்பினின்று விடுவித்தல் தயவன்று, வீட்டார் செலுத்தவேண்டிய கடன்.

எனவே ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்குப் பின் என்னுடைய அன்றாடக் கடமை எளிதாகின்றதா, அல்லது களைப்பினால் நின்றுபோகின்றதா? மரண வீட்டினாலோ நோயாளியைப் பார்க்கச் சென்றதனாலோ ஒருநாள் பயிற்சி தவறினால் என் மனம் அமைதியாக இருக்கின்றதா, எரிச்சலடைகின்றதா? வலுப்பெற்ற இவ்வுடல் எனக்கன்றி வேறு யாருக்கேனும் பயன்படுகின்றதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறுபவருக்குத் தமக்குரிய அளவு தானே புலப்படும்.

புதிதாகத் தொடங்குவோர், சிறப்பாக நாற்பது வயதைக் கடந்தோரும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளோரும், முதலில் வைத்தியரிடம் காட்டி ஆலோசனை பெறுதல் வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்போர் விரத நாட்களில் வெறுவயிற்றுடன் நீண்டதூரம் நடப்பது சீனியின் அளவை ஆபத்தான நிலைக்குக் குறைத்துவிடக்கூடும் என்பதையும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

அப்பர் சுவாமிகளை நாம் உழவாரப்படை தாங்கிய கோலத்திலேயே வணங்குகின்றோம். முதுமையிலும் அவர் கை தொண்டை விடவில்லை. அக்கையின் வலிமை காட்டுவதற்காக வளர்த்ததன்று, திருவீதியில் முளைத்த புல்லைச் செதுக்குவதற்காகவே இருந்தது. எமது கையும் காலும் அவ்வாறே நெடுங்காலம் பயன்படும்படி அவற்றை நலிய விடாமலும் வருத்தாமலும் பேணி வாழ்வோமாக.