ஒண்ணும் வராதுக்கா

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் தன்னார்வலராக, எங்கள் சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுத்து வருகிறேன். விரலில் ஊசி குத்தும் நேரத்தில் ஜனங்கள் பேசுவதில் பாதி உடம்பைப் பற்றி, மீதி சாமியைப் பற்றி.

ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் தம்பி ஒருவன், "எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுக்கா" என்று சிரித்துக்கொண்டேதான் விரலை நீட்டினான். மெஷின் 286 காட்டியது. அடுத்த மாதம் போனால், சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, வேலைக்கும் போகவில்லை என்கிறாள் மனைவி. அந்த அளவுச் சர்க்கரையோடு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள். வராது என்ற நம்பிக்கை போன பிறகு அவனுக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

அதே தெருவில் எண்பதை நெருங்கும் பாட்டி. முழங்கால் போய்விட்டது, ஒரு கண்ணில் புரை. "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன், ஆத்தா ஓட்டறா" என்பார். சொல்லிக்கொண்டே மாத்திரை அட்டையை வாங்கி, தடவித் தடவி எண்ணி, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகுவார்.

நம்பிக்கை இருந்தால் மனச்சோர்வு அண்டாது என்கிறார்கள். எந்த நம்பிக்கை? நோயே வராது என்பதா? மனிதனைப் பிடிக்கும் போதைகளில் இளமை, உயிர்வாழ்வு இரண்டோடு ஆரோக்கியத்தையும் சேர்த்தார் புத்தர். முதுமையில் உடம்பு முடியாமல் வந்த நகுலபிதா என்ற இல்லறச் சீடரிடம், இந்த உடம்பை வைத்துக்கொண்டு நொடிநேரம்கூட நோயில்லை என்பது அறியாமை, உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பழகு என்றார். தம்பிக்கு இது பொருந்தும். பாட்டியின் பேச்சை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நோய் இருப்பது தெரிந்துதானே அட்டையை எண்ணுகிறார்!

தேவாரம் பாடிய அப்பருக்கும் சூலை என்ற வயிற்றுவலி வந்தது. பக்தியால் நோய் தீர்ந்த கதையாகவே அதைச் சொல்கிறோம். அதற்கு முன் அவர் செய்ததைப் பாருங்கள்: திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் போனார், சிவனிடம் வலியை வாய்விட்டுச் சொன்னார். அதைவிட்டு, சோர்ந்து கிடப்பவனிடம் "உனக்குச் சாமி நம்பிக்கை பத்தாது" என்பது கொடுமை. சர்க்கரைக்காரர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அதுவும் நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு.

தம்பி இப்போது மாத்திரை போடுகிறான், டாக்டரிடம் மனசையும் சொன்னான், வேலைக்கும் போகிறான். எப்படி இருக்கிறாய் என்றால் "போன மாசம் 140க்கா" என்கிறான்.

உங்கள் வீட்டில் யாராவது "நல்லாத்தான் இருக்கேன்" என்றால், சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் 14416, டெலி மனஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை.