எறிதலும் ஒரு வினையே



முனிவர்க்குரிய மூலகுணங்கள் இருபத்தெட்டனுள் ஐந்து சமிதிகளும் அடங்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நடத்தல், பேசுதல், உண்ணல், எடுத்து வைத்தல் என்னும் நான்கினையும் அடுத்து ஐந்தாவதாக நிற்பது உத்சர்க்க சமிதி. உடலினின்று கழிவனவற்றை உயிர்கள் இல்லாத இடத்தில், கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீவிய பின்னரே விடுதல் அதன் இலக்கணம். அறவுரை நிகழ்த்துவோர் முதல் நான்கினை விரித்துரைத்து, ஐந்தாவதனைக் கூச்சத்தால் ஒரே சொல்லில் கடந்துவிடுவது வழக்கம். நாமும் பன்முறை அங்ஙனமே கடந்திருக்கிறோம். ஆயின் இல்லறத்தார் இன்று நின்று எண்ண வேண்டியது அந்த ஐந்தாவதனையே என்று இப்போது தோன்றுகிறது.

நம் பாட்டிமார் கிணற்று நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடிகட்டினர். வடித்ததோடு அவர்தம் கடமை முடிந்துவிடவில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை வடித்த நீராலேயே அலசி, எந்தக் கிணற்றினின்று அவை வந்தனவோ அந்தக் கிணற்றிலேயே மெதுவாக விட்டனர். ஒரு நீரில் பிறந்த உயிர் வேறு நீரில் மாண்டுபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். குடிப்பதற்கு எடுத்த கவனத்தினும் கழிப்பதற்கு எடுத்த கவனம் அவர்களிடம் மிகுதி. அம்மரபில் வந்த நாம், வயலுக்கு அடித்த பூச்சிமருந்தின் வெற்றுக் குப்பியை வாய்க்காலில் அலசிவிட்டுக் கரையிலேயே எறிந்து வருகிறோம். அந்த வாய்க்கால் சென்று சேர்வது ஏரியில். ஏரியின் ஊற்றுக் கண் திறப்பது பாட்டி துணியை அலசிய அதே கிணற்றில்.

எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் மறையாது கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தசலட்சண பருவத்தில் ஒரு நாள், வீட்டில் குழல் விளக்கு ஒன்று விழுந்து உடைந்தது. துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, காய்கறித் தோல் இருந்த பையிலேயே திணித்தோம். நீரிழிவுற்ற முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தமையால், அவருக்குப் போட்ட ஊசிகளும் அப்பையிலேயே இருந்தன. மறுநாட் காலையில் குப்பை வாங்க வந்த அம்மையார், வண்டியில் இடம் இல்லாமையால் பையைக் கையால் அழுத்தினார். குருதி கொட்டியது. எங்கள் வீட்டுக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே அவர், "பரவாயில்லைங்க ஐயா. கண்ணாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியா வாங்கியிருப்பேனே" என்றார்.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கிழித்தது கண்ணாடியா, குத்தியது ஊசியா என்பது அவருக்கே தெரியவில்லை. ஆகவே குருதிச் சோதனையை உடனே ஒருமுறையும், சில மாதங்கள் கழித்து மறுமுறையும் செய்யவேண்டியதாயிற்று. இறுதியில் கேடொன்றும் இல்லை எனத் தெரிந்தது. ஆயினும் அவ்விடைப்பட்ட மாதங்களில் அவர் நாள்தோறும் நம் வாயிலுக்கு வந்து நின்றபோதெல்லாம் அவர் முகத்தை நேரே நோக்க இயலவில்லை. அவர் கை கிழிந்த காலை எம் வீட்டில் இருவர் உண்ணாநோன்பில் இருந்தனர் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதில் நம் குற்றம் யாது? நாம் ஒருவரையும் துன்புறுத்தக் கருதவில்லையே என்று மனம் வாதிடும். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய அனர்த்த தண்டங்களை ஐந்தாக வகுக்கிறார். அவற்றுள் ஒன்று இம்சாதானம். வாள், தீ, நஞ்சு போன்ற கொலைக்கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். மற்றொன்று பிரமாத சரியை. பயனின்றி மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் ஊறுபடுத்துதல். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் பையில் மறைத்து ஓர் ஏழைப் பெண்ணின் கையில் கொடுத்தமை முதலதில் அடங்கும். பூச்சிமருந்துக் குப்பியை வாய்க்காலில் அலசியமை இரண்டாவதில் அடங்கும். தானம் என்னும் சொல்லே அங்கு நிற்பதைக் கவனிக்க. கொடுத்துவிட்டோம் என்பதனால் வினை நம்மை விட்டு அகல்வதில்லை.

கருதாமற் செய்தமைக்கும் விடை உண்டு. பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில் இதனைத் தெளிவாக்கியுள்ளார். கவனமின்றி ஒழுகுவோனுக்கு உயிர் மாண்டாலும் மாளாவிடினும் இம்சை உண்டு; சமிதியோடு ஒழுகுவோனுக்குப் புறத்தே உயிர்ச்சேதம் நேர்ந்த அளவினாலேயே பந்தம் இல்லை. ஆகவே கேட்கப்படுவது கொல்லக் கருதினாயா என்பது மட்டுமன்று. பார்த்துச் செய்தாயா என்பதுமாகும்.

பாறுக் கழுகுகளின் அழிவு இதற்கு ஒரு சான்று. நோயுற்ற மாடுகளுக்கு வலி தீர இரக்கத்தோடு கொடுக்கப்பட்ட மருந்து டைக்ளோஃபினாக். அம்மாடு இறந்தபின் அதன் உடலை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. நம் நாட்டுப் பாறுக் கழுகு இனங்கள் சிலவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை மறைந்தன. காரணம் இம்மருந்தே என ஆய்வாளர் 2004இல் வெளியிட்டனர். 2006இல் கால்நடைகளுக்கு அதனைக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2004க்கு முன் கொடுத்தவர் அறியாதார். தெரிந்த பின்னும் கொடுத்தவர் பிரமாதமுடையார். ஒரு மருந்து தன் வேலை முடிந்த பின்னும் எத்துணைத் தொலைவு நடந்து செல்கிறது என்பதை இதனால் உணரலாம்.

மருந்து எனவே ஒன்று நினைவுக்கு வருகிறது. காலம் கடந்த மாத்திரைகளை ஏழையர்க்குக் கொடுத்து, ஔடத தானம் செய்தோம் என்று மகிழ்வோர் நம்முள் சிலர் உளர். அது தானமன்று, முன்னர்க் கூறிய இம்சாதானமே.

மீண்டும் குழல் விளக்கிற்கு வருவோம். அதனுள்ளும் சுருள் விளக்கினுள்ளும் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம். எண்ணிக்கையில் அற்பம். ஆயின் பாதரசம் அழிவதில்லை. நீரை அடைந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பின் அது புழுவினின்று சிறுமீனுக்கும், சிறுமீனினின்று பெருமீனுக்கும், அதனை உண்ணும் நாரைக்கும் மனிதர்க்கும் படிப்படியாகப் பெருகிச் சேர்கிறது. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலையின் உடைந்த கண்ணாடி, 2001இல் அவ்வூர்ப் பழைய பொருள் கடை ஒன்றில் ஏழு டன்னுக்கு மேல் கிடந்தது வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆலை செய்ததைக் கேட்டு நாம் சினந்தோம். நம் வீட்டு வெப்பமானியும் உடைந்தால் அதே வகைக் கடைக்கோ குப்பை மேட்டுக்கோதான் செல்கிறது.

இத்தகைய விளக்கு உடைந்தால் முதலில் சாளரங்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, குழந்தைகளோடு வெளியேறிக் கால்மணி நேரம் பொறுக்க. துடைப்பத்தால் பெருக்கலாகாது, பெருக்கினால் நுண்துகள் பரவும். தடித்த அட்டையால் துண்டுகளை மெல்ல வாரி, ஈரத்தாளால் தரையை ஒற்றி, அனைத்தையும் மூடியுள்ள கலத்தில் இட்டு, மேலே "உடைந்த விளக்கு" என எழுதி வைக்க. முனிவர் பீலியால் நீவும் பொறுமை இங்கு நமக்கு வேண்டும்.

ஊசிகளைத் தடித்த நெகிழிப் புட்டியில் இட்டு மூடுக. உப்பிய கைபேசி மின்கலத்தைக் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பற்றும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டித் தனியே வைக்க. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தெருவில் வருவோனுக்கு விற்றால், அவன் அமிலத்தை மண்ணில் கொட்டி ஈயத்தை மட்டும் எடுப்பான். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் சிறிது குறையும். பூச்சிமருந்துக் குப்பியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியில் துளையிட்டு விடுக. எண்ணெய் வாங்க அதனை எடுத்துச் செல்வோர் இன்றும் உளர். சமண உழவர் அம்மருந்தை அடிக்கத்தான் வேண்டுமா என்பது வேறொரு நாளைக்குரிய பெருங்கேள்வி.

நாட்டின் சட்டமும் இதனைக் கேட்டுள்ளது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதைக் குடியிருப்போர் கடமையாக்கின. ஆயின் நம் மக்கள் மிகுதியும் வாழ்வது சிற்றூர்களில். மூன்றாம் வகையைப் பெற்றுக்கொள்வார் அங்கு அரியர். பிரித்து வைத்தும் எங்கே கொடுப்பது என்று கேட்போர்க்கு நம்மிடம் முழு விடை இல்லை. எரித்தல் தீயிலும் காற்றிலும் நஞ்சைப் பரப்பும். புதைத்தல் மண்ணுக்கும் கிணற்றுக்கும் கேடு. ஆகவே கொடுக்கும் இடம் கிடைக்கும் வரை, குழந்தைகட்கு எட்டாத இடத்தில், மூடிய கலத்தில் காத்து வைத்தலே செய்யத்தக்கது.

தசலட்சணத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்திற்குரியது. வரும் ஆண்டில் அந்நாளில், ஒவ்வோர் ஊரிலும் சினாலயத்திற்குப் புறத்தே உள்ள திண்ணையில் (திருச்சுற்றினுள் அன்று) ஒவ்வோர் இல்லத்தாரும் தாம் சேர்த்து வைத்த இப்பொருள்களைக் கொணர்ந்து வைக்கலாம். பொறுப்புள்ள இருவர் முன்னரே வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் என அண்மையிலுள்ள நகராட்சி அலுவலகத்தில் பேசி, பெறுவோர் யார், எந்நாள் பெறுவர் எனக் கேட்டறிந்து, ஒரே வண்டியில் கொண்டு சேர்க்கலாம். வண்டி வாடகையை இவ்வாண்டு எம் இல்லத்தார் ஏற்றுக்கொள்கின்றனர். எம் பரணில் இப்போது இருப்பன நான்கு குழல் விளக்குகளும், ஒரு புட்டி நிறைய ஊசிகளும், உடையாத ஒரு வெப்பமானியும்.