துருப்பிடித்த எந்திரமும் துருப்பிடித்த வழக்கமும்

பழமையை எதிர்ப்பவன் பழைய பொருளைப் பாதுகாக்கலாமா? பகுத்தறிவு பேசும் நாம், பாழடைந்த எந்திரத்துக்காகப் பரிந்து பேசுவது முரண்பாடாகாதா? தோழர்களே, இக்கேள்வியை நம்மிடம் கேட்டவன் மாணவன் ஒருவன். கேலிக்காகக் கேட்கவில்லை, தெளிவதற்காகக் கேட்டான். எனவே, தட்டிக்கழிக்க முடியவில்லை நம்மால்.

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு ஏறும் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில், மரப்பட்டறை ஒன்று மூடப்பட்டது. அங்கே இரண்டு எந்திரங்கள் துருவேறி நின்றன. ஒன்று, இரு பெருஞ்சக்கரங்களின்மேல் எஃகு வாள் பட்டையாகச் சுழலும் பட்டைவாள் எந்திரம். மற்றொன்று, பலகையை வழவழப்பாக்கும் இழைப்பு எந்திரம். பழைய இரும்பு வியாபாரி எடைபோட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். மாணவர் சிலருடன் சென்ற நாம், "உடைக்க வேண்டாம், செப்பனிட்டு ஓட்டிப் பார்ப்போம்" என்றோம். அப்போதுதான் அந்த மாணவன் கேட்டான்: "ஐயா, பழையது என்பதற்காக எதையும் ஏற்காதே என்று வகுப்பிலே சொல்கிறீர்கள். இங்கே பழைய இரும்புக்கு வழக்காடுகிறீர்கள். இது மட்டும் பழமைப் பற்று இல்லையா?"

பற்று என்றால் தவறுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். எந்திரம் நம்மை நோக்கி, "நான் மூத்தவன், என்னை வணங்கு" என்கிறதா? "என் உறுப்பைக் கழற்றாதே, கேள்வி கேளாதே" என்று மிரட்டுகிறதா? இல்லை! கழற்றிப் பார் என்கிறது. அளந்து பார் என்கிறது. மரத்தை வைத்து அறுத்துப் பார் என்கிறது. சோதனைக்கு உடன்படும் பழமை அது. சோதனை என்றதும் சீறி எழும் பழமை வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையாகுமா?

அந்தப் பட்டைவாளின் வரலாற்றைப் பாருங்கள். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் வாளின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டவைக்கும் முறை கைவராததால், அறுக்கும்போதே வாள் அறுந்தது. கருத்து இருந்தது, காரியம் நடக்கவில்லை. 1846ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பெண்மணி கிரெப்பேன், முனைகளை இணைக்கும் வழியைக் கண்டார். அதன் பிறகே அது ஆலைகளில் உலவத் தொடங்கியது. ஆக, நாம் பழையது என்று சுட்டும் இந்த எந்திரமே, தன் காலத்தில் குறை கண்டு திருத்தப்பட்ட புதுமைதான்.

உள்ளுறுப்பையும் பாருங்கள். பழைய எந்திரங்கள் பலவற்றில், சுழலும் தண்டைத் தாங்குவது வெள்ளீயம், அண்டிமனி, செம்பு கலந்த மென்மையான உலோகம். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. தேய வேண்டிய நிலை வந்தால் விலையுயர்ந்த தண்டு தேயாது, மலிவான தாங்கி தேயும். தேய்ந்ததை உருக்கி வெளியேற்றிப் புதிதாக வார்த்து, சுரண்டிப் பொருத்தலாம். பழுது வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பழுது பார்க்க வழியும் வைத்த அடக்கம் அந்த அமைப்பிலே இருக்கிறது. அதற்கு வேண்டியது நாள்தோறும் எண்ணெய். ஆண்டுக்கொருமுறை குங்குமப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டினால் தாங்கி தேயாமலிருக்குமா?

சான்று வேண்டுமா? கொடைக்கானலின் உச்சிக்கே வாருங்கள். அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று உண்டு. பாரிசு நகரில் செய்யப்பட்டு, சென்னை வானாய்வகத்துக்காக 1850ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. அதை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து வணங்கவில்லை. 1898ஆம் ஆண்டில் சர் ஹோவர்டு கிரப் என்பாரைக் கொண்டு, சூரியனைப் படமெடுக்கும் கருவியாகத் திருத்தி அமைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அக்கருவி கதிரவனின் கறைகளைப் படம் பிடித்தது. கதிரவனையே கறையுள்ளது என்று காட்டிய கருவி, கிழக்கருவி! முதுமை அதற்கு இழிவாகவில்லை. முதுமையால் மட்டும் பெருமையும் வரவில்லை. பயனால் வந்தது பெருமை.

ஆயினும் நம் வாதத்தை இத்துடன் முடிக்கவிடவில்லை, பட்டறையில் உழைத்த முதியவர் ஒருவர். இழைப்பு எந்திரத்தை நாம் புகழ்ந்துகொண்டிருந்தபோது, தம் இடக்கையை நீட்டினார். இரு விரல்களின் நுனி இல்லை. "வாத்தியார் தம்பி, எனக்குச் சோறு போட்டதும் இதுதான், விரலைத் தின்றதும் இதுதான். பழையபடியே ஆக்கினால், இன்னொருவன் விரலைக் கேட்கும்" என்றார்.

வாயடைத்து நின்றோம். அந்த எந்திரத்தில் கத்திகளைத் தாங்கும் உருளை சதுரமானது. சதுர உருளை சுழலுமிடத்தில் மேசைக்கும் அதற்கும் இடையே பெரும் பள்ளம். கை தவறினால் விரல் ஆழ விழும். பின்னாளில் வந்த வட்ட உருளை அந்த இடைவெளியைக் குறைத்தது. எந்திரத்தின் ஆபத்தான உறுப்புகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் விதித்தது. அப்படியிருக்க, 'அசல் மாறாமல்' என்ற ஆசையால் சதுர உருளையையே மாட்டிச் சுழலவிடுவது கலையுணர்வா? கொடுமை!

அந்தக் கை நமக்குக் கற்பித்த பாடம் இது: பழைய பொருள் எதுவாயினும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அது செய்ய வந்த வேலை நல்லதா? அவ்வேலையைச் செய்கிறதா? செய்யும்போது யாருடைய குருதி சிந்துகிறது? மரத்தை அறுப்பது நல்ல வேலை. எனவே எந்திரத்தைச் செப்பனிடலாம், குருதி கேட்கும் உறுப்பை மட்டும் மாற்றலாம். மனிதனை மனிதன் தாழ்த்தும் வழக்கமோ, முதற்கேள்வியிலேயே தோற்கிறது. அதற்குப் புது உருளை மாட்டவும் முடியாது, எண்ணெய் இடவும் கூடாது. செய்ய வந்த வேலையே தீமையானால், செப்பனிடுவது தீமையைக் கூர்தீட்டுவதாகும்!

மாணவன் தலையசைத்தான், ஆனால் விடவில்லை. "செப்பனிட வழி யாருக்குத் தெரியும், ஐயா?" என்றான். சரியான கேள்வி! எந்திரத்தின் உடலில் பதித்த தகட்டிலே தயாரித்தவர் பெயரும் எண்ணும் இருக்கும். அதைக் கொண்டு பழைய விளக்க நூலைத் தேடலாம். உடைந்த வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்து கொடுத்தால், கோவை வார்ப்படச் சாலைகள் வார்த்துத் தரும். ஆனால் எந்தச் சத்தம் எந்தப் பழுதின் அறிகுறி, எந்தப் பட்டை எவ்வளவு இறுக வேண்டும் என்ற அறிவோ, முதியவர் சிலரின் விரல்களில் மட்டும் இருக்கிறது. நூலாயின் ஆங்கிலத்தில், அறிவாயின் ஒரு குடும்பத்துக்குள். பூட்டிய அறிவும் துருப்பிடிக்கும், தோழர்களே!

எனவே இளைஞர்களே, குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். உறுப்புக்கு உறுப்பு பெயர் கேளுங்கள்; படம் வரையுங்கள்; தமிழில் எழுதுங்கள்; யார் கேட்டாலும் கொடுங்கள். அந்தப் பட்டைவாள் எடைக்குப் போகவில்லை. மலையிலே மண்டிக் கிடக்கும் அயல்நாட்டு வாட்டில் மரத்தை இன்று அறுக்கிறது. இழைப்பு எந்திரம் மட்டும் வட்ட உருளைக்காகக் காத்து நிற்கிறது. காத்து நிற்கட்டும். பலகை வழவழப்பாக ஒருநாள் தாமதமாகலாம். விரல் ஒருநாளும் திரும்பாது.