காலம் தவறிய கொலை

ஆற்காட்டுச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். விளக்கு வைத்தபின் உணவில் பூச்சி விழும் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். அதே அந்திப்பொழுதில்தான் தேக்கந்தோப்பில் புழுவுக்கு மருந்தடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

மருந்து என்பது 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்னும் பாக்டீரியா. புழு அதைத் தின்றாக வேண்டும். குடலின் காரத்தில் அதன் புரதப் படிகம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கும். வெயிலில் வீரியம் கெடும்; அதனால்தான் மாலை. மழைக்குப்பின் தேக்கு விடும் துளிரில் இலைத்தின்னி அந்துப்பூச்சி முட்டையிடும்; அதன் புழுதான் இலையைத் தின்பது. குஞ்சுப்புழுவாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். முற்றிய புழு எளிதில் சாகாது. அதற்குள் இலையும் போயிருக்கும்.

சும்மா விட்டாலும் மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். ஆனால் நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அளந்தபோது வளர்ச்சி இழப்பு 44 சதவீதம்.

எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சையை இறந்த உயிர்களின் எண்ணிக்கையால் அளப்பதில்லை. கவனமின்மையால் உயிர் பறிப்பதையே இம்சை என்கிறது. உழவில் நேரும் உயிரிழப்பை இல்லறத்தாருக்கு ஓரளவு பொறுக்கும் எங்கள் மரபு, எண்ணிச் செய்யும் கொலையைப் பொறுப்பதில்லை. புழு சாகவே அடிக்கும் மருந்தை உழவுக்கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்ணத்துப்பூச்சியின் புழுவும் பட்டுப்புழுவும்கூட இந்த மருந்துக்குத் தப்பாது.

என் தீர்ப்பு இதுதான்: உரிய நாளில் அடிப்பதும் பாவமே, ஆனால் அளவுள்ள பாவம். நாள் தப்பி அடிப்பது யாருக்கும் பயனில்லாத கொலை. துளிரைப் புரட்டிப் பார்க்காமல் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள்.