மாமாவின் கடைவாய்ப் பல்லும் ஊழ்வினையும்

"வலியப் படாமலே தப்பிச்சிட்டா, அந்தக் கணக்கு அடுத்த பொறப்புக்குப் போயிடாதாம்மா?"

சிரம்பானில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மறுநாள் என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வாழ்ந்தவர். மாரியம்மன் திருவிழாவில் வருசா வருசம் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தவர். பல் டாக்டர் ஊசியை எடுத்தால் மட்டும் கை கால் உதறும். சின்ன வயதில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தோளை அமுக்கிக்கொள்ள, மரத்துப்போகும் ஊசி போடாமலே, மருந்து கட்டும் டிரெசர் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். அதற்கப்புறம் எந்தப் பல் வலித்தாலும் கிராம்பும் உப்புத் தண்ணீரும்தான். இந்தத் தடவை தாடை வீங்கி, வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

டாக்டர் மாமாவின் கையில் ஊசி வழியாக மிடாசோலம் கொடுத்தார். அது வலியைப் போக்கும் மருந்தல்ல. ஈறு மரத்துப்போக வேறு ஊசி போட்டாக வேண்டும். மிடாசோலம் எடுப்பது பயத்தை. பெரும்பாலும் நினைவையும் சேர்த்து எடுத்துவிடும். ஆள் முழுக்கத் தூங்குவதில்லை. "வாயைத் திறங்க" என்றால் திறப்பார். மாமாவும் திறந்தாராம், தலையைத் திருப்பினாராம், உதவிக்கு நின்ற மிஸ்ஸியிடம் ஏதோ பதிலும் சொன்னாராம். வீட்டுக்கு வந்தபின் அதை அவரிடம் சொன்னபோது, "நானா?" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. மறுநாள்தான் அந்தக் கேள்வி.

பிராரத்த வினையை, அதாவது இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த வினையை, நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்று சைவ சித்தாந்தம் சொல்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்து "பட்டுத்தான் தீரணும்" என்று சொல்பவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சூலை நோய் வயிற்றை முறுக்கியபோது அப்பர் என்ன செய்தார்? முதலில், அப்போது தாம் சார்ந்திருந்த சமணர்களின் மந்திர வைத்தியத்தைப் பார்த்தார். அது பலிக்காமல், இரவோடு இரவாகத் தமக்கையாரிடம் போய் விழுந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். இது உன் வினை, கிடந்து அனுபவி என்று அந்த அம்மா சொல்லவில்லை. அப்பரும் அந்த வலியைத் தீர்க்கச் சொல்லித்தான் சிவனிடம் பாடினார். வினை உண்டென்றால், அதைத் தணிக்க வரும் கையும் அதே கணக்கில்தான் எழுதியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அருள் பெற்றவர்க்குப் பிராரத்தம் உடலூழாய்க் கழியும், உயிரைத் தாக்காது என்பார்கள். மருந்து தரும் மறதியை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஞானி தெளிவோடு விலகி நிற்கிறார். மாமா தெளிவில்லாமல் விலகியிருந்தார். இரண்டுக்கும் வெகுதூரம். அதற்காக மருந்து எடுத்தது குற்றமாகிவிடாது.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் வழி. காவடி நாளில் மாமா எதையெல்லாம் சார்ந்திருந்தார்! விரதம், காதைப் பிளக்கும் உறுமி, சாம்பிராணிப் புகை, பின்னாலேயே வரும் தோட்டத்துச் சனம், அலகு இறங்குமுன் கன்னத்தில் திருநீற்றை வைத்து அழுத்தும் பூசாரியின் கட்டைவிரல். பல் டாக்டரின் நாற்காலியில் அவர் ஒற்றை ஆள். தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, மனசுக்குள் அந்தப் பழைய டிரெசர். பயத்தைச் சார்ந்த உயிர் பயமாகவே ஆனதில் என்ன அதிசயம்? தைரியம் காவடி நாளிலும் வெளியிலிருந்துதான் வந்தது. அப்போது யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லையே.

வலி தெரியாமல் செய்ய வேண்டும் என்று முதலில் துடித்தவர்களில் பல் வைத்தியர்களும் உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மூச்சிழுத்து, சொந்தக் கடைவாய்ப் பல்லையே பிடுங்கச் சொல்லி உட்கார்ந்தார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்துக் காட்டிய மார்ட்டனும் பல் வைத்தியர்தான். நோயாளியின் அலறலைத் தினமும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள். அவர்கள் செய்ததை இரக்கம் என்றே சொல்வேன். இரக்கம் எந்த ஊரில் பிறந்தாலும் சிவனுக்கு அயலானதல்ல.

மாமாவுக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் ஆடுகிறது. நாள் வாங்கியாகிவிட்டது. வெறும் வயிற்றோடு வரவேண்டும், வீட்டுக்குக் கூட்டிப் போகத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "திருநீறு பூசிக்கிட்டுப் போலாம்ல?" என்று கேட்டார். தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள் மாமா, நானே கூட வருகிறேன் என்றேன்.